கத்தி இருக்கும் இடம்

முதலில் இடது மார்பு: அங்கே தேசிய அடையாள அட்டை. அடுத்தது வலது மார்பு: அங்கே பேனாவும், நான்காக மடித்த பொலிஸ் பதிவுத் துண்டின் பிரதியும். மூன்றாவது வலது இடுப்பு. காற்சட்டை வளையத்தில் ஒரு கொளுவி, கொளுவியில் வீட்டைப் பூட்டும் திறப்பு. நான்காவது இடது இடுப்பு, கைக்குட்டை. ஐந்தாவதாகச் சவுந்தரநாயகத்தின் கை மேலேறி, சட்டையின் முதற் பொத்தானுக்கு உள்ளே புகுந்து, கறுப்பு றப்பர் நாடாவொன்றில் நாடிக்குக் கீழே தொங்கும் மூக்குக்கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கும். அது இரண்டாவது கண்ணாடி. முதலாவது மூக்கிலேயே இருக்கிறது. பஸ்ஸில் பத்திரிகை வாசிப்பதற்கென்று வீட்டிலேயே அதை ஏற்றிவிடுவார். தூரத்தைப் பார்க்க நேர்ந்தால் விளிம்புக்கு மேலால் பார்ப்பார். ஆகையால் அவர் யாரைப் பார்த்தாலும் சந்தேகத்தோடு பார்ப்பது போலவே இருக்கும்.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றின் இரண்டாம் மாடியில், காலை ஆறு நாற்பதுக்கு இது நடக்கும். இவ்வளவும் முடிந்த பின்பு அவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்து, மற்ற மூன்று விரல்களையும் விறைப்பாக நிறுத்தி, சமையலறையை நோக்கிக் காட்டுவார். எல்லாம் ஒழுங்கு என்பது அதன் பொருள். உள்ளேயிருந்து மனைவி நாகேஸ்வரி அதே வட்டத்தைத் திருப்பிக் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அவர் படியிறங்கமாட்டார்.

"இஞ்சேருங்கோ, கையெல்லாம் மா. போங்கோவன்!"

"திருப்பிக் காட்டினாத்தான் விளங்கினதெண்டு அர்த்தம்."

"கலியாணம் கட்டி இருபத்தாறு வருசம். இன்னும் விளங்கேல்லையெண்டால் இனி விளங்காது!"

ஆனாலும் மா ஒட்டிய விரல்களால் ஒரு வட்டம் கதவிடுக்கில் தோன்றும். அவர் படியிறங்கிக் காலி வீதிக்கு நடந்து நூறாம் இலக்க பஸ்ஸைப் பிடிப்பார்.

சவுந்தரநாயகத்துக்கு ஐம்பத்துநான்கு வயது. கிராண்ட்பாஸில் வாயுச் சிலிண்டர்களைச் சோதிக்கும் வேலைத்தலம் ஒன்றில் மேற்பார்வையாளர். சிலிண்டருக்குள் நீரை நிரப்பி அழுத்தம் கொடுத்து, அது தாங்குமா வெடிக்குமா என்று பார்ப்பது அவருடைய தொழில். சிலிண்டரை விரற்கணுவால் தட்டி, அது எழுப்பும் ஓசையிலிருந்தே அதன் வயதைச் சொல்லக்கூடியவர் என்று அங்கே பெயர். விருந்துக்குப் போன வீடுகளிலும் அவருடைய விரற்கணு சும்மா இராது. பந்தியில் எல்லோரும் பாயசத்தை எதிர்பார்த்திருக்கும்போது, அவர் அடுக்களைக்குள் நழுவி, அடுப்புச் சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, "இதுக்குத் தவணை முடிஞ்சு ரெண்டு வருசம், தங்கச்சி. வெடிச்சால் கூரை மிஞ்சாது," என்று வீட்டுக்காரியின் காதுக்குள் சொல்லிவிட்டு, நிம்மதியாக வந்து உட்காருவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாயசம் நிம்மதியாகக் காய்ச்சப்படுவதில்லை.

யுத்தநிறுத்தம் வந்த புதிதில், கடலடியில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் பார்க்க வெளிநாட்டார் சிலர் கொழும்புக்கு வந்தார்கள். சோடி சோடியாகப் பிணைத்த சிலிண்டர்களை அவர்கள் சோதனைக்குக் கொண்டுவந்தபோது, இவற்றை எங்கே கட்டுவீர்கள் என்று சவுந்தரநாயகம் கேட்டார். முதுகில் என்றார்கள். கட்டிக்கொண்டு எங்கே போவீர்கள் என்றார். நாற்பது மீற்றருக்குக் கீழே என்றார்கள். தாம் சரிபார்த்து அனுப்பிய பொருள் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அந்தக் கணத்தில் அவரைப் பற்றிக்கொண்டது. ஐம்பது வயதில் ஒரு மனிதர் சுழியோடப் பழகியதற்கு வேறு காரணம் இல்லை. மீனைப் பற்றி யாராவது விசாரித்தால் முகத்தைச் சுளிப்பார். "மீன் பாக்கிறதுக்கு ஏன் காணும் கடலுக்குள்ளை போகவேணும்? மார்க்கற்றிலை கிடக்கு."

அவர் காண விரும்பியது ஒழுங்கு. அதை அவர் அந்தக் கடலடியில் கண்டார். அங்கே பேச முடியாது. ஆகவே எவரும் வீணாகப் பேசுவதில்லை. கையால் சொல்வதைக் கண்டவர் திருப்பிச் செய்துகாட்டவேண்டும். ஆகவே எவரும் விளங்கியது போலப் பாசாங்கு செய்ய இயலாது. விரல்களை மடக்கிய முட்டி என்றால் நில். கவிழ்த்த உள்ளங்கையை அசைத்தால் ஏதோ பிழை. இரண்டு விரல் கண்ணுக்குப் போனால், பார். வளைந்த சுட்டுவிரல் கேள்வி. பெருவிரல் மேலே நிமிர்ந்தால், இத்துடன் முடிப்போம், மேலே போவோம். பெருவிரலை எவரும் எந்த நேரத்திலும் காட்டலாம், காரணம் கேட்கக்கூடாது. உலகத்தில் இதைவிட நாகரிகமான சட்டம் இல்லை என்பது சவுந்தரநாயகத்தின் முடிவு. வத்தளையில் நாகேஸ்வரியின் ஒன்றுவிட்ட தமக்கை வீட்டில் இந்தச் சட்டத்தை அவர் ஒருமுறை தரையிலும் அமுல்படுத்தினார். பேச்சு நீண்டுகொண்டு போகவே, மனைவியை நோக்கிப் பெருவிரலை உயர்த்தினார். அதைக் கண்ட வீட்டுக்காரி, வடை நன்றாக இருக்கிறது என்கிறார் என்று மகிழ்ந்து, அவருடைய தட்டில் இன்னும் இரண்டை வைத்தாள்.

ஒழுங்கின் மறுபாதி உடம்பில் இருந்தது. எந்தப் பொருளும் தொங்கக்கூடாது. எந்தப் பொருளும் தன் இடத்தை விட்டு விலகக்கூடாது. அழுத்தமானி இடது இடுப்பில். உதிரி விளக்குகள் தோள்வார்களில், இரண்டும் ஒரே உயரத்தில். வாயில் கவ்விய மூச்சுக்கருவியின் குழாய் ஏழடி நீளம். அது வலது அக்குளுக்குக் கீழால் வந்து மார்பைக் கடந்து கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். இரண்டாவது மூச்சுக்கருவி றப்பர் நாடாவில் நாடிக்குக் கீழே தொங்கும்.

நண்பனுக்குக் காற்று முடிந்துவிட்டால், அவன் விறைத்த கையால் தன் தொண்டைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பான். அப்போது நாடிக்குக் கீழே தொங்குவதை எடுத்துக் கொடுக்கக்கூடாது. வாயில் இருப்பதைக் கழற்றிக் கொடுக்கவேண்டும். அது வேலை செய்கிறது என்பது அந்தக் கணத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒன்று. நிச்சயமானது தவிப்பவனுக்கு, நிச்சயமில்லாதது தனக்கு. அவன் அதை இறுகப் பிடிக்கும்வரை கையை எடுக்கக்கூடாது. அதன் பிறகே தன்னுடையதைத் தேடலாம். இந்த ஒரு விதிக்காகவே சவுந்தரநாயகம் தமக்குச் சுழியோடக் கற்பித்த வெளிநாட்டு ஆசிரியரை மன்னித்தார். மற்றப்படி அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள் வருகிறவர்.

சவுந்தரநாயகத்தோடு சோடியாக இறங்கும் நண்பர் அலவி. கொட்டாஞ்சேனையில் கயிறு, சங்கிலி, கொளுவி விற்கும் கடை அவருடையது. சுழியோடிகளின் படகுக்குக் கயிறு கொடுக்கப் போனவர், இறங்கிப் பார்க்கிறீர்களா என்று அவர்கள் கேட்டதற்கு ஓம் என்று சொல்லிவிட்டார். சவுந்தரநாயகத்தைவிட இரண்டு வயது இளையவர். சுற்றளவில் இரண்டு மடங்கு மூத்தவர். அலவி கடலுக்குப் போவது மீன் பார்க்கத்தான். பார்த்த மீனை மேலே வந்ததும் எப்படிச் சமைப்பது என்று சொல்வார். "அந்தக் கல்லுக்குப் பொறத்தால நிண்டுச்சே மச்சான், பெரிய கலவா ஒண்டு? கொறக்காப் புளி போட்டு ஆக்கணும்."

"உமக்கு அழுத்தமானியைப் பாக்கச் சொன்னனான். நீர் கலவாயைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்."

"ரெண்டையும் பார்த்தன். அழுத்தமானியை ஆக்கித் திங்கேலா, அதான் கலவாயைப் பத்திப் பேசுறன்."

தரையில் இருவரும் பேசினால் அது சண்டையில் முடியும். நீருக்குள் அவர்களைப் போல ஒத்துப்போனவர்களைத் தாம் கண்டதில்லை என்று படகோட்டிகள் சொல்வார்கள். போன வருடம் எழுத்து மங்கத் தொடங்கியபோது இருவரும் ஒரே நாளில் ஒரே கடைக்குக் கண்ணாடி வாங்கப் போனார்கள். இருவருக்கும் கண்ணாடியின் வலு ஒன்றே, கூட்டல் இரண்டு. சவுந்தரநாயகத்துக்கு அன்றைக்கு முழுதும் மகிழ்ச்சி தாளவில்லை. உபகரணம் என்றால் ஒருவருடையது மற்றவருக்குப் பொருந்தவேண்டும்.

இத்தகைய நட்பு மூன்று வாரம் பேச்சின்றிக் கிடந்தது ஒரு கத்தியினால்.

மூழ்கிய கப்பல்களில் மீன்வலைகள் சிக்கிக் கிடக்கும். வலை ஆளைப் பிடித்துக்கொண்டால் அறுப்பதற்கு ஒரு சிறு கத்தி வேண்டும். அது இருக்கவேண்டிய இடம் இடுப்புவாரின் இடப்பக்கம் என்று சவுந்தரநாயகத்துக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. தெஹிவளைக் கடலில் மாசி மாதத்து ஞாயிறொன்றில், அலவி தமது கத்தியை இடது காலின் ஆடுசதையில் கட்டிக்கொண்டு படகேறினார். மறுநாள் மாலை, கொட்டாஞ்சேனைக் கடையில், கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே விசாரணை நடந்தது.

"கத்தி இடுப்பிலை இருக்கவேணும், அலவி. ரெண்டு கைக்கும் எட்டுற இடம்."

"ஒனக்கு எட்டும் மச்சான். எனக்கு வயிறு ஈக்கி. அதுக்குக் கீழ இடுப்பு ஒண்டு ஈக்கிற எண்டு தையல்காரன் செல்லித்தான் எனக்கே தெரியும்."

"காலிலை கட்டினால் வலை கொளுவும்."

"இடுப்புல கட்டினா கத்தியே கெடைக்காது. எது நல்லம்?"

"உம்மடை ரெண்டு கையும் வலைக்குள்ளை மாட்டிப்போச்செண்டு வையும். உம்மடை கத்தியை ஆர் எடுக்கிறது? நான். எங்கை தேடுறது?"

"கால்ல தேடு."

"இருட்டிலை, சேத்துக்குள்ளை, தலைகீழா நிண்டுகொண்டு உம்மடை காலைத் தேடவோ?"

"ஏன், ஏண்ட காலைப் புடிக்க ஒனக்கு வெக்கமா?"

கடையில் நின்ற வாடிக்கையாளர் இருவர் சிரித்துவிட்டார்கள். சவுந்தரநாயகத்தின் முகம் கறுத்தது. "அப்ப நீர் வேறை ஆளைப் பாரும்," என்றார்.

"பாக்குறன்," என்றார் அலவி.

அதன் பிறகு தொலைபேசி ஒலிக்கவில்லை. பங்குனி இருபத்தாறாம் திகதிக்கு இருவருடைய பெயரிலும் வாங்கிய கடலில் இறங்குவதற்கான கடற்படை அனுமதிக் கடிதம் சவுந்தரநாயகத்தின் வீட்டில் சட்டமிட்ட படமொன்றுக்குப் பின்னால் செருகியபடி கிடந்தது. யுத்தநிறுத்தம் காகிதத்தில் மட்டுமே மிஞ்சியிருந்த இரண்டாயிரத்தாறாம் ஆண்டு அது. அடுத்த கடிதம் கிடைக்குமென்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இரண்டாம் கிழமையின் நடுவில் சவுந்தரநாயகத்துக்குள் இருந்த சோதனைக்காரர் விழித்துக்கொண்டார். அலவி சொன்னது பொய் என்று தாம் கருதுகிறாரே, அதைச் சோதித்தாரா? சோதிக்கவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு தலையணையை வயிற்றில் வைத்து, அதற்கு மேலால் இடுப்புவாரை இறுக்கிக் கட்டி, கண்களை மூடிக்கொண்டு கத்தியைத் தேடினார். ஒரு கை எட்டவில்லை. மறு கை எட்டியும் பிடி கிடைக்கவில்லை. அந்த நிலையில் நாகேஸ்வரி கதவைத் திறந்தாள்.

"என்னப்பா இது?"

"பரிசோதனை."

நாகேஸ்வரி தலையணையை மேலும் கீழும் பார்த்தாள். "எத்தினை மாசம்?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சோதனையின் முடிவு எதுவோ, அதற்குத் தலைவணங்குவது அவருடைய தொழில் தருமம். அலவியின் வயிறு ஒரு மெய்ம்மை. இருவருடைய கத்தியும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பது ஒரு விதி. மெய்ம்மையை மாற்ற முடியாது, விதியை மீறக்கூடாது. எஞ்சியது ஒரே வழி. பழைய சைக்கிள் டியூப்பில் இரண்டு பட்டி வெட்டி, தமது கத்தியைத் தமது இடது காலின் ஆடுசதைக்கு இறக்கினார். இருபத்தாறாம் திகதி படகில் ஒன்றும் பேசாமல் காற்சட்டையை உயர்த்திக் காட்டுவது என்பது அவருடைய திட்டம்.

பங்குனி பத்தொன்பதாம் திகதி ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஒழுங்கை இரு முனைகளிலும் அடைக்கப்பட்டது. பொலிசார் வீடு வீடாக ஏறினார்கள். வெள்ளவத்தைக்கு அது புதிதன்று. பதிவுத் துண்டையும் அடையாள அட்டையையும் மேசையில் வைத்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைக்குமளவுக்குச் சனங்கள் பழகியிருந்தார்கள். ஆனால் கீழ்மாடியில் குடியிருந்த வங்கி எழுதுவினைஞர் சண்முகலிங்கத்தை இப்படியொரு காலையில், "விசாரித்துவிட்டு அனுப்புகிறோம்," என்று கூட்டிக்கொண்டு போய் இரண்டு மாதமாகிறது. அவருடைய செருப்பு இன்னும் படிக்கட்டிலேயே கிடந்தது. அதை எவரும் எடுத்து வைக்கவில்லை.

சார்ஜன்ட் பின்னறைக் கதவைத் திறந்தார். பிணைத்த சிலிண்டர்கள் இரண்டு, கறுப்பு உடுப்பு, காலில் கட்டும் பட்டியோடு ஒரு கத்தி. கடலடியால் ஆட்கள் வந்து கப்பல்களுக்குக் குண்டு வைக்கக்கூடும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த மாதம். சார்ஜன்ட் திரும்பி அவரைப் பார்த்தார். இத்தகைய வேளையில் வேறெந்த மனிதரும் கடற்படைக் கடிதத்தை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். சவுந்தரநாயகம் கடிதத்தை நீட்டினார்; அதன்பின் இலக்கணச் சுத்தமான சிங்களத்தில், முதலாம் உருப்படியிலிருந்து விளக்கத் தொடங்கினார்.

நான்காம் உருப்படியில், சார்ஜன்டின் முதுகுக்குப் பின்னால் நின்ற நாகேஸ்வரி விரல்களை மடக்கி முட்டியை உயர்த்தினாள். நில். சவுந்தரநாயகம் அதைக் கண்டார். விதிப்படி தாமும் முட்டியை மடக்கித் திருப்பிக் காட்டினார். காட்டிவிட்டு ஐந்தாம் உருப்படிக்குப் போனார்.

"நானும் எனது நண்பரும் ஒரே மாதிரித்தான் அணிவோம், மாத்தயா. அவருடைய உடம்பில் எது எங்கே இருக்கிறதென்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். என்னுடையது அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் சாவுதான்."

"அப்படியா?" என்றார் சார்ஜன்ட், மிகவும் மரியாதையாக. "அப்படியானால் வாருங்கள். நண்பரையும் அழைப்போம்."

படியிறங்குமுன் சவுந்தரநாயகம் ஐந்து இடங்களையும் வழக்கம்போலத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பொலிஸ் நிலையத்து இன்ஸ்பெக்டர் வெற்றுத் தேநீர் குடிக்கும் களைத்த மனிதர். ஒரு தாளை எடுத்து அடிமட்டம் வைத்து நடுவே கோடு கீறி, இடப்பக்கம் ஒரு பெயரும் வலப்பக்கம் ஒரு பெயரும் எழுதினார். ஒழுங்கான மனிதர் என்று சவுந்தரநாயகத்துக்கு அவர்மேல் ஒரு மதிப்பு உண்டாயிற்று. அந்த ஒழுங்கு எதற்கென்று விளங்கியபோது அந்த மதிப்பே பயமாயிற்று. கொட்டாஞ்சேனையிலிருந்து அலவியைச் சுழியோடும் உபகரண மூட்டையோடு ஜீப்பில் கொண்டுவந்து அடுத்த அறையில் வைத்திருந்தார்கள். ஒருவரோடொருவர் பேசக்கூடாது. இருவரிடமும் தனித்தனியே அதே பன்னிரண்டு கேள்வி. விடைகள் பொருந்தினால் வீடு. பொருந்தாவிட்டால் விசாரணைத் தாள்களின் கோவை மேலிடத்துக்குப் போகும். சண்முகலிங்கத்தின் கோவையும் அப்படித்தான் போயிற்று.

அழுத்தமானி எங்கே? இடது இடுப்பு. நீண்ட குழாய்? வலது அக்குளுக்குக் கீழே. உதிரி மூச்சுக்கருவி? நாடிக்குக் கீழே. எழுதுபலகை? வலது தொடைப்பை. நூலுருளை? பின்பக்க வளையம். இன்ஸ்பெக்டர் அடுத்த அறைக்குப் போவதும் வருவதும் சரியடையாளம் இடுவதுமாக இருந்தார். பதினொரு சரி. சவுந்தரநாயகத்துக்கு உயிர் திரும்பிக்கொண்டிருந்தது.

"பிஹிய கொஹெத?" என்றார் இன்ஸ்பெக்டர். கத்தி எங்கே?

"இடது கால், ஆடுசதை."

"இருவருக்குமா?"

"இருவருக்கும்."

இன்ஸ்பெக்டர் போனார், திரும்பி வர நேரமாயிற்று. வந்து உட்கார்ந்து தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "உங்கள் நண்பர் இடுப்பு என்கிறார். இருவருக்கும் இடுப்பு. உறுதியாகச் சொல்கிறார்." தாளை விரலால் தட்டினார். "பதினொன்று சரி. ஆயுதம் மட்டும் பிழை. இதை மேலே அனுப்பினால் அங்கே இருப்பவர்கள் பதினொன்றை வாசிக்கமாட்டார்கள்."

கடைசியில் இருவரையும் ஒரே மண்டபத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு மேசைகளில் இருவருடைய உபகரணங்களையும் பரப்பி, அவரவர் மேசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். பேசினால் இன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். கடையிலிருந்து இழுத்துக்கொண்டு வரப்பட்ட அலவி கடையில் கட்டியிருந்த சாரத்தோடு நின்றார். முகம் வியர்த்திருந்தது. அவருடைய மேசையில் ஒரு புத்தம் புதிய இடுப்புவார் கிடந்தது. பழையதைவிட இரண்டு சாண் நீளம். வயிற்றைச் சுற்றி வந்தபின்பும் கைக்கு எட்டும்படி, அதன் இடப்பக்கத்தில், சாய்வாகத் தைத்த உறைக்குள், கத்தி.

சவுந்தரநாயகம் அதைப் பார்த்தார். அலவி எதிர் மேசையில் கிடந்த சைக்கிள் டியூப் பட்டியைப் பார்த்தார்.

சவுந்தரநாயகத்தின் இரண்டு விரல்கள் கண்ணுக்குப் போயின. பின்பு அந்த இடுப்புவாரைச் சுட்டின. பின்பு சுட்டுவிரல் கேள்வியாக வளைந்தது. அலவி அவரைச் சுட்டினார், தமது காதைத் தொட்டார்: நீ சொன்னாயே. பிறகு டியூப் பட்டியைச் சுட்டி, தமது சுட்டுவிரலை இரண்டு மடங்கு வேகத்தில் வளைத்தார். சவுந்தரநாயகம் தமது ஒட்டிய வயிற்றுக்கு முன்னால் காற்றில் ஒரு பெரிய வளைவை வரைந்தார். உலகத்து எந்தச் சுழியோடியின் அகராதியிலும் இல்லாத சைகை அது. அலவிக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்து, ஏதோ பிழை என்று காட்டி, பிழை எங்கே என்பதற்குச் சவுந்தரநாயகத்தின் தலையைச் சுட்டினார். சவுந்தரநாயகம் முட்டியை மடக்கினார். அலவி விதிப்படி முட்டியைத் திருப்பிக் காட்டிவிட்டு, மீண்டும் தலையைச் சுட்டினார். கைகள் வேகமெடுத்தன. மூன்று கிழமை பேசாதிருந்ததெல்லாம் அங்கே ஓசையின்றிக் கொட்டிற்று. இன்ஸ்பெக்டரின் தலை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குத் திரும்பித் திரும்பி வந்தது.

"சேர், நிறுத்தட்டுமா?" என்றார் சார்ஜன்ட்.

"பொறு." இன்ஸ்பெக்டரின் கண் அகலவில்லை. "பயிற்சி கொடுத்து இதைச் செய்விக்க முடியாது. எனக்கும் கலியாணமாகி இருபத்தொரு வருடம்." பின்பு எழுந்து நின்று கேட்டார்: "கத்தியின் இடத்தை மாற்றியது யார்?"

இருவருடைய சுட்டுவிரல்களும் ஒரே கணத்தில் எதிரே நீண்டன.

வாசலில் காவல் நின்றவர் முதலில் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை, ஆனால் தாளின் பன்னிரண்டாம் வரிசையில் எதையோ நீளமாக எழுதி, சரியடையாளம் இட்டார். அரை மணித்தியாலத்தில் வாக்குமூலங்கள் இரண்டு தட்டச்சாகி வந்தன. சவுந்தரநாயகம் தமதை இரண்டு முறை வாசித்து, ஓர் எழுத்துப் பிழையைப் பணிவோடு திருத்திக் கையெழுத்திட்டார்.

அலவியின் தாள் மேசையில் கிடந்தது. "வாசித்துக் கையெழுத்துப் போடுங்கள், முதலாளி. வாசிக்காமல் போடவேண்டாம், பிறகு ஏதும் என்றால் என்னைக் குற்றம் சொல்வீர்கள்," என்றார் இன்ஸ்பெக்டர்.

அலவி தாளைக் கையில் எடுத்தார். தூரப் பிடித்தார். இன்னும் தூரப் பிடித்தார். கை முடிந்துவிட்டது, எழுத்து தெளியவில்லை. சட்டைப்பையைத் தடவினார். அவருடைய கண்ணாடி கொட்டாஞ்சேனையில், கயிற்றுச் சுருளொன்றின் மேல், அவரை இழுத்துக்கொண்டு வந்தபோது இருந்த இடத்திலேயே இருந்தது. பேனாவை எடுத்தார், வைத்தார். எதிர் மேசையைப் பார்த்தார். மூன்று கிழமை பேசாத வாயைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. திறக்கலாமா என்பதும் தெரியவில்லை.

வலது கையை விறைப்பாக நிமிர்த்தி, தமது தொண்டைக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

சார்ஜன்ட் திடுக்கிட்டு ஓரடி முன்னே வந்தார். அதற்குள் சவுந்தரநாயகம் மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றி, மேசைகளுக்கு மேலால் கை முழுவதையும் நீட்டி, அலவியின் விரல்கள் அதை இறுகப் பிடிக்கும்வரை விடாமல் நின்றார். அதன் பிறகே அவருடைய மற்றக் கை, தேடாமல், சட்டையின் முதற் பொத்தானுக்கு உள்ளே போயிற்று.